மணமகளின் பூச்செண்டும் பெயர் அறியாத கல்லறையும்



திருமண ஆயத்தத்திற்காக வரும் குடும்பங்களில் ஒரு வழக்கு அடிக்கடி எழுகிறது. "மாலை நம்முடையது, பூச்செண்டு வெள்ளைக்காரருடையது. அது எதற்கு, சுவாமி?" என்பார்கள் பெரியவர்கள். மணப்பெண்ணின் முகம் வாடிவிடும். திருமணச் சடங்கு நூலில் மோதிரங்களை ஆசீர்வதிக்கச் செபம் உண்டு. பூச்செண்டைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஏந்துவதும் விடுவதும் உங்கள் விருப்பம். ஆயினும் அதன் வரலாற்றை அறிந்தபின் முடிவெடுங்கள்.

தலையில் மலர்முடி சூடுவதையே தொடக்கக் கிறிஸ்தவர் சிலர் புறவினத்தாரின் வழக்கம் என்று வெறுத்தனர். மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கார்த்தேஜ் நகரத் தெர்த்துல்லியன் அதனைக் கண்டித்துத் தனி நூலே எழுதினார். அடுத்த நூற்றாண்டில் புனித யோவான் கிறிசோஸ்தோம் மணமுடியை வெற்றியின் அடையாளம் என்று விளக்கினார். கீழைத் திருச்சபைகள் மணமக்களுக்கு இன்றும் முடி சூட்டுகின்றன. அயலதாயிருந்த ஒன்று நமதானது இவ்வாறுதான்.

மணப்பெண்கள் குளிக்காத உடல்நாற்றத்தை மறைக்கவே பூச்செண்டு ஏந்தினர் என்று ஒரு கதை கைப்பேசிகளில் சுற்றுகிறது. அதனை நான் நம்புவதில்லை. நீங்களும் பகிர வேண்டாம். 1840இல் விக்டோரியா மகாராணி ஆரஞ்சுப் பூ முடி சூடி மணம் புரிந்தார். 1858இல் அவருடைய மூத்த மகளின் செண்டில் மிர்ட்டில் தழை இடம்பெற்றது. அரச குடும்ப மணப்பெண்களிடம் அத்தழை இன்றும் தொடர்கிறது.

எனினும் என் மனத்தில் தங்கிய பூச்செண்டு வேறொன்று. 1923 ஏப்ரல் 26 அன்று எலிசபெத் போஸ்-லயன் என்னும் இளம்பெண் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தினுள் நுழைந்தார். பின்னாளில் அரசியானவர் அவரே. அவருடைய அண்ணன் பெர்கஸ் 1915 செப்டம்பரில் பிரான்சின் லூஸ் போர்க்களத்தில் மாண்டவர். அவரைப் புதைத்த இடத்தின் அடையாளம் போரிலேயே அழிந்தது; கல்லறை அறியப்படாத இருபதாயிரத்திற்கும் மேற்பட்டோருடன் அவர் பெயரும் லூஸ் நினைவுச் சுவரில் பொறிக்கப்பட்டது. வெஸ்ட்மின்ஸ்டரிலோ, 1920 நவம்பர் 11 முதல் பெயர் தெரியாத போர்வீரர் ஒருவர் துயில்கின்றார். மணப்பெண் அக்கல்லறையருகே நின்று, தம் பூச்செண்டை அதன்மீது வைத்துவிட்டு, வெறுங்கையோடு பலிபீடம் நோக்கி நடந்தார். அவருக்குப் பின்வந்த அரச மணப்பெண்கள் பலர், சடங்கு முடிந்தபின் தங்கள் செண்டை அங்கே அனுப்பிவைக்கின்றனர்.

இதனை உங்களுக்கு விளக்கவும் வேண்டுமா? 1983 முதல் 2009 வரையிலான போரில் மறைந்த அண்ணனுக்கோ மாமாவுக்கோ, கல்லறை இன்னதென்று காட்ட இயலாத வீடுகள் நம் பங்கிலேயே எத்தனை!

செண்டு கட்டுவது எளிது. கடைக்குப் பெருந்தொகை கொடுக்க வேண்டியதில்லை. தண்டுகளின் கீழ்ப்பகுதி இலைகளை நீக்குங்கள். நடுவில் ஒரு ரோஜாவை இடக்கையில் பிடித்து, ஏனையவற்றை ஒவ்வொன்றாக, எல்லாம் ஒரே பக்கம் சாயுமாறு வையுங்கள். ஒவ்வொரு பூவுக்கும் செண்டைச் சற்றே திருப்பினால் தண்டுகள் முறுக்கிய கயிறுபோல் அமையும், பூக்கள் நசுங்கா. பிடித்த இடத்திலேயே நூலால் இறுகக் கட்டி, தண்டுகளைச் சமமாக வெட்டுங்கள். ஆலயத்திற்குப் புறப்படும்வரை நீரில் நிற்கட்டும். பிறகு ஈரம் துடைத்து ரிப்பன் சுற்றி, முத்துத்தலைக் குண்டூசிகளைத் தண்டின் போக்கில் மேல்நோக்கிச் செருகுங்கள். நேராகக் குத்தினால் முனை மறுபுறம் வந்து கையைக் கிழிக்கும். ரிப்பனுக்குப் பதிலாக அம்மம்மாவின் பழைய சேலைத் துண்டைச் சுற்றலாம். மறைந்தவரின் சிறு படம் பதித்த பதக்கத்தையும் அதில் தொங்கவிடலாம்.

திருப்பலிக்குப் பின் செண்டை மாதாவின் பாதத்தில் வைக்க விரும்பினால் முன்னரே சொல்லுங்கள். உங்கள் வீட்டில் மறைந்தவரின் பெயரையும் எழுதித் தாருங்கள். மன்றாட்டில் அதனை வாசிப்பேன்.