மீட்டருக்கு அப்புறம் யார் பொறுப்பு? வீட்டு ஒயரிங்கின் கதை



சென்ற ஆண்டு எங்கள் வீட்டுக் குளியலறைக்குக் கீஸர் லைன் போட்டோம். தண்ணீர் சுட்டது, பேசிய பணத்தை முழுவதும் கொடுத்துவிட்டேன். சில மாதம் கழித்துக் குழாயைத் தொட்டபோது கை சுரீர் என்றது. பெட்டியைத் திறந்து பார்த்தால், எர்த் ஒயர் எதிலும் சேராமல் மடங்கிக் கிடந்தது. நல்லவேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இந்த வேலையை யார் செய்ய வேண்டும் என்று சட்டம் சொல்கிறது? அன்றைக்குத்தான் தேடிப் படித்தேன். உங்களுக்கும் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

சென்னை மாகாணத்தில் அரசு மின்சாரத் துறை 1927இல் உருவானது. பைக்காரா நீர்மின் நிலையம் 1932இலும், மேட்டூர் 1937இலும், பாபநாசம் 1944இலும் வந்தன. 1957 ஜூலை 1 அன்று மின்சார வாரியம் அமைந்தது. ஊர் ஊராகக் கம்பம் நட்டு மீட்டர் வரை கரண்ட் கொண்டுவருவது அவர்கள் வேலை. மீட்டருக்கு அப்புறம் வீட்டுக்காரர் பாடு. அந்த இடத்தில்தான் ஒயரிங் காண்ட்ராக்டர் என்ற தொழில் பிறந்தது.

அக்காலத்தில் தேக்குச் சட்டத்தை சுவரில் அடித்து, அதன்மேல் ரப்பர் உறை போட்ட ஒயரைத் தகரக் கிளிப்பால் பிடித்து ஓட்டுவார்கள். பழைய வீடுகள் சிலவற்றில் இன்றும் பார்க்கலாம். ரப்பர் காய்ந்து வெடித்தால் கண்ணுக்குத் தெரியும். பிறகு பி.வி.சி. ஒயர் வந்தது, பைப் சுவருக்குள் போனது. பார்க்க அழகுதான். ஆனால் உள்ளே நல்ல ஒயரா, ஜாயிண்ட் சரியா, எர்த் சேர்ந்திருக்கிறதா என்று கண்ணால் சொல்ல முடியாது.

1910ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் கீழ் வந்த 1956 விதிகளில் 45ஆவது விதியைக் கவனியுங்கள். வீட்டில் புதிய ஒயரிங், கூடுதல் லைன், மாற்றம், பழுது எதுவானாலும் மூன்று பேர் வேண்டும்: அரசு உரிமம் பெற்ற காண்ட்ராக்டர், நேரில் மேற்பார்வையிடும் தகுதிச் சான்றிதழ் பெற்றவர், கையால் வேலை செய்யும் அனுமதி பெற்ற ஒயர்மேன். பல்பு, ஃபேன், ஃபியூஸ், சுவிட்ச் மாற்றுவது போன்ற சில்லறை வேலைக்கு மட்டும் விலக்கு. 2003இல் புதுச் சட்டம் வந்த பின்னும், 2010இல் மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு ஒழுங்குமுறைகளில் இதே ஏற்பாடு தொடர்ந்தது. ஏசிக்கும் கீஸருக்கும் தனி லைன் இழுப்பது சில்லறை வேலையல்ல என்பதை நினைவில் வையுங்கள்.

வேலை முடிந்ததும் சோதனை செய்யவும் அந்த விதிகள் சொல்லின. மெக்கர் கருவியால் 500 வோல்ட் கொடுத்து ஒரு நிமிடம் பார்த்தால், ஒயருக்கும் எர்த்துக்கும் இடையே குறைந்தது 1 மெகா ஓம் காட்ட வேண்டும். சுவருக்குள் மறைந்த வேலைக்கு இதுதான் கண்.

இனி பணத்துக்கு வருவோம். நம் பக்கம் ‘பாயிண்ட்’ கணக்கில்தான் கூலி பேசுகிறோம். தகராறும் அங்கேதான் தொடங்குகிறது. ஒரு பாயிண்டில் சுவர் வெட்டுவது சேருமா, பூச்சு யாருடையது, ஒயர் யார் வாங்குவது, எர்த் குழிக்குத் தனிக் காசா? வாயால் பேசாமல் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். உரிம எண்ணையும் அதில் எழுதச் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் இந்த உரிமத்தைத் தருவது மின் உரிமம் வழங்கும் வாரியம்.

பணத்தைத் தவணையாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஆரம்பத்தில் கொஞ்சம் அட்வான்ஸ். பைப் புதைத்ததும், பூசுமுன் நீங்கள் போட்டோ எடுத்த பிறகு ஒரு பங்கு. ஒயர் இழுத்ததும் இன்னொன்று. கடைசிப் பங்கு, மெக்கர் சோதனை செய்து டெஸ்ட் ரிப்போர்ட்டும் பில்லும் கையில் வந்த பிறகுதான். அன்றே ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பட்டனை அழுத்தி, ட்ரிப் ஆகிறதா என்றும் பாருங்கள். அதே நேரம், ஒயர்மேனின் அன்றாடக் கூலியை நிறுத்தி வைக்காதீர்கள். நிறுத்த வேண்டியது காண்ட்ராக்டரின் கடைசிப் பங்கை மட்டுமே.

பூட்டுக்குப் பேர் போன ஊர் நம் திண்டுக்கல். சாவி போட்டுத் திறந்து பார்க்காமல் இங்கே யாரும் பூட்டுக்குக் காசு கொடுப்பதில்லை. ஒயரிங்குக்கும் அப்படியே இருப்போம். நான் அன்று ஐந்து நிமிடம் சோதித்துப் பார்த்திருந்தால், என் வீட்டுக் குழாயில் கரண்ட் பாய்ந்திருக்காது.