இரு வளையங்களின் வரலாறு

வரலாற்று நூல்களிலே மன்னர் பெயரும் மேதையர் பெயரும் நிலைத்துவிடுகின்றன. கருவி செய்த கைகளின் பெயர் நிலைப்பது அரிது. இதற்குச் சான்று தேடி நாம் பெரும் அணைகளையும் கோபுரங்களையும் நாடவேண்டியதில்லை. உள்ளங்கையில் அடங்கும் ஒரு பொறியமைப்பின் கதையே போதும். ஜிம்பல் என வழங்கும் அவ்வமைப்பு, ஒன்றனுள் ஒன்றாகப் பொருந்திய இரு வளையங்களேயாம். கணினித் திரையிலே விமானமோட்டிப் பழகும் ஆர்வலர் பலர், இன்று தம் வீட்டிலேயே விமானியறை ஒன்றை அமைத்து, அதற்கு வேண்டிய இயக்குதண்டையும் தாமே செய்துகொள்கின்றனர். ஜொய்ஸ்டிக் எனப்படும் அத்தண்டின் அடியில் இருப்பது இந்த ஜிம்பலே. விளையாட்டுப் பொருள்தானே என்று இதனை ஒதுக்கிவிடலாகாது. இதன் பின்னே நூற்றாண்டுகளின் உழைப்பு உண்டு. அவ்வுழைப்பின் பயன் யாரைச் சேர்ந்தது என்ற வினாவும் உண்டு.

முதலில் அதன் தொழிற்பாட்டை விளங்கிக்கொள்வோம். தண்டு முன்னும் பின்னும் சாயும்போது விமானத்தின் மூக்கு தாழும், உயரும். இடமும் வலமும் சாயும்போது விமானம் அவ்வப் பக்கம் சரியும். கை ஒன்று, கட்டளை இரண்டு. அவை ஒன்றோடொன்று கலந்துவிடலாகாது. ஆதலால் வெளிச்சட்டம் ஓர் அச்சிலே மட்டும் திரும்புமாறு அமைக்கப்படும். அதனுள்ளே பொருத்திய உட்சட்டம், முன்னையதற்குச் செங்குத்தான மற்றோர் அச்சிலே மட்டும் திரும்பும். உட்சட்டத்தில் நாட்டிய தண்டு எத்திசையிலும் சாயும். எனினும் ஒவ்வோர் அச்சின் திருப்பத்தையும் தனித்தனியே அளந்தறியலாம்.

இவ்வமைப்பு விமானத்தோடு பிறந்ததன்று. எப்பக்கம் திருப்பினும் மை சிந்தாத மைக்கூடு ஒன்றைப் பற்றி, கி. மு. 3ஆம் நூற்றாண்டினரான பைசாந்தியத்துப் பிலோனின் நூல் கூறுகின்றது. சீனத்திலே ஹான் வமிசக் காலத்துத் தலைநகராகிய சாங்கான் நகரில் டிங் ஹுவான் என்னும் கைவினைஞன், படுக்கையினுள் வைக்கத்தக்க நறும்புகைக் கலம் ஒன்றைச் செய்தான் எனப் பழங்குறிப்பு ஒன்று உரைக்கின்றது. வளையங்கள் எப்படிச் சுழன்றாலும் நடுவிலுள்ள தணற்கிண்ணம் மட்டமாகவே நிற்கும். அக்குறிப்பிலே மனங்கொள்ளத்தக்க வேறொரு செய்தியும் உண்டு: இவ்வித்தை முன்னரே இருந்தது, பின்னர் மறைந்தொழிந்தது, டிங் ஹுவான் அதனை மீண்டும் உருவாக்கினான் என்பதே அது. எழுத்திலே ஏறாத தொழிலறிவு, தொழிலாளியோடு மாய்ந்துபோவதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுமோ? அதே நகரில், இன்றைய சியான் நகரில், 1970இல் அகழ்ந்தெடுக்கப்பட்ட தாங் வமிசக் காலப் புதையலிலே இத்தகைய வெள்ளிக் கலம் ஒன்று கிடைத்தது. செல்வரின் மஞ்சத்திலே மணம் பரப்பிய அக்கலத்தைத் தட்டி உருவாக்கிய கொல்லனை நாம் அறியோம்.

ஐரோப்பாவிலோ இவ்வமைப்புக்குக் 'கார்டான் தொங்கல்' என்று பெயரிட்டனர். இத்தாலிய அறிஞர் ஜெரோலாமோ கார்டானோ 1550இல் வெளியிட்ட நூலிலே இதனை விவரித்தார் என்பதே காரணம். அவர் இதனைத் தாம் கண்டுபிடித்ததாக உரிமை கோரியவரல்லர். மூன்று நூற்றாண்டுகட்கு முன்னரே வில்லார் த ஒன்கூர் என்பாரின் வரைபடச் சுவடியில், கைகளைச் சூடேற்றும் கோளம் ஒன்றிலே இவ்வளையங்கள் இடம்பெற்றுவிட்டன. எனினும் பெயர் நூலாசிரியருக்கே போயிற்று.

கப்பலிலே திசையறி கருவியை மட்டமாக நிறுத்தவும் இவ்வளையங்களே உதவின. இங்கெல்லாம் வெளியுலகம் ஆட, நடு அசையாதிருந்தது. விமானத்தின் தண்டிலோ அடி நிலைத்திருக்க, நடு ஆடுகின்றது. பழைய பொறியின் தலைகீழ் வடிவம் இது. பிரான்சிலே றொபேர் எஸ்னோ-பெல்த்ரி 1907இல் இயக்குதண்டுக்கு ஆக்கவுரிமை பெற்றார். 1909 யூலை 25ஆம் நாள் லூயி பிளேரியோ ஆங்கிலக் கால்வாயைக் கடந்தபோது, அவர் பற்றியிருந்த தண்டின் அடியிலே மணிவடிவக் கிண்ணம் ஒன்றும், அதன் விளிம்பிலிருந்து செல்லும் கம்பிகளும் இருந்தன.

பறக்கப் பழகுவோர் வீழ்ந்து மடிவதைத் தவிர்க்க, நிலத்திலேயே பயிற்சி தரும் முயற்சிகளும் அக்காலத்தில் எழுந்தன. அந்துவானெத் விமானத்துக்கென அமைந்த பயிற்சிப் பொறி இரு அரைப் பீப்பாக்களால் ஆனது. மேலே பயிலுநர் அமர்ந்திருக்க, கீழே ஆட்கள் நின்று கையால் ஆட்டி அசைத்தனர். அவ்வாட்களின் இடத்தைப் பின்னர் காற்று எடுத்துக்கொண்டது. நியூ யோர்க் மாநிலத்துப் பிங்கம்ரன் நகரிலே தந்தையாரின் பியானோ, ஓர்கன் தொழிற்சாலையில் வளர்ந்த எட்வின் லிங், 1920இல் 50 டொலர் கொடுத்து விமானப் பாடம் ஒன்று பெற்றார். ஆனால் தண்டைத் தொட அனுமதிக்கப்படவில்லை. அந்தக் குறை அவரை விடவில்லை. 1927 முதல் 1929 வரை தொழிற்சாலையின் நிலவறையிலே, ஓர்கனின் துருத்திகளையும் வால்வுகளையும் கொண்டே அவர் ஒரு போலி விமானத்தைச் சமைத்தார். தண்டை அசைத்தால் வால்வு திறக்கும். துருத்தி சுருங்கும், விரியும். எத்திசையும் சாயும் மூட்டின்மேல் நின்ற உடல் சரியும்.

அதனை விரும்பி வாங்கியவை களியாட்டுப் பூங்காக்களே. 1934இல் அமெரிக்க அரசு தபால் விமானப் பணியைப் படையினரிடம் ஒப்படைத்தது. கருவிகளை மட்டும் நோக்கிப் பறக்கும் பயிற்சி போதாத இளம் விமானிகள் பனியிலும் புயலிலும் அனுப்பப்பட்டனர். சில மாதங்களுள் பத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். அதன் பின்னரே படைத்துறை அவரிடம் ஆறு பொறிகளை வாங்கியது. இரண்டாம் உலகப் போர்க்காலத்திலே அவை பத்தாயிரத்துக்கு மேல் உற்பத்தியாயின. உயிர் காக்கும் பயிற்சிக்கும் போர் வந்தாலன்றிப் பணம் பிறவாத சமுதாய அமைப்பை நாம் இங்கு காண்கிறோம்.

இன்று வீட்டிலே ஜிம்பல் செய்பவர் வழி வேறு. ஒட்டுப்பலகையோ அலுமினியத் துண்டோ கொண்டு இரு சட்டங்களை அறுக்கிறார். உருளைச் சப்பாத்தின் பெயாரிங்குகளை அச்சுகளில் இடுகிறார். கைவிட்டதும் தண்டு நடுவுக்கு மீள விற்சுருள்களைப் பூட்டுகிறார். தேய்ந்து கெடும் மாறுந்தடைக்குப் பதிலாக, அச்சின் நுனியில் காந்தத்தையும் அதன் எதிரே உணரியையும் வைக்கிறார். எட்வின் ஹோல் 1879இல் கண்ட விளைவே அவ்வுணரியின் அடிப்படை. அளவுகளைக் கணினிக்கு அனுப்பும் சிறு சுற்றுப்பலகையும் எட்டாப் பொருளன்று. 2005இல் இத்தாலியின் இவ்றேயா நகரில் மாணவருக்காகப் பிறந்த ஆர்டுயினோவின் வரைபடம் எவரும் எடுத்தாளத் திறந்தே கிடக்கின்றது. செய்தவர் தம் அளவுகளையும் பிழைகளையும் பிறரோடு பகிர்கின்றனர். டிங் ஹுவானுக்கு முன்னே மறைந்துபோன வித்தை இனி அவ்வாறு மறைவது எளிதன்று.

எனினும் நாம் மயங்கிவிடலாகாது. கணினி வாங்க வசதியுள்ளோர்க்கே இவ்வுரிமை இன்று கைகூடியுள்ளது. அன்றியும், ஏட்டுக் கல்வியை உயர்த்தித் தொழிற்கூடத்தைத் தாழ்த்தும் மனப்பான்மை எம் வகுப்பறைகளைவிட்டு இன்னும் அகலவில்லை. செங்குத்தான இரு அச்சுகளைக் கரும்பலகையில் வரைந்து காட்டும் ஆசிரியர், அடுத்த நாள் இரண்டு பலகைச் சட்டங்களையும் நான்கு ஆணிகளையும் மாணவர் கையில் கொடுக்கலாம். கேத்திரகணிதமும் வரலாறும் அங்கே ஒருங்கே விளங்கும். லிங்குக்கு மறுக்கப்பட்ட தண்டு ஒவ்வொரு மாணவனின் கையிலும், மாணவியின் கையிலும் வந்து சேரவேண்டும். அதற்கான முயற்சியை ஆசிரியர்களாகிய நாமே தொடங்குதல் வேண்டும்.