எல்லைக்கு வெளியே எழுதப்பட்ட ஆறு

அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில், ஓசார்க் மலைநாட்டில் ஓடும் பிளாக் ஆற்றின் கிழக்குக் கிளை ஓரிடத்தில் எரிமலைப் பாறைகளுக்கு நடுவே நெருக்குண்டு, பல கால்களாகப் பிரிந்து மடுக்களிலும் சறுக்குகளிலும் பாய்கிறது. 140 கோடி ஆண்டுக்கும் மேல் வயதான ரையோலைட் பாறை அது. ஆற்றால் அதை எளிதில் அறுக்க முடியாது. வெடிப்புகளைத் தேடி நுழைந்து, கூழாங்கற்களைச் சுழற்றிக் குழி குடைந்திருக்கிறது. ஜான்சன்ஸ் ஷட்-இன்ஸ் மாநிலப் பூங்கா என்று பெயர். கோடையில் குளிக்க வருகிற கூட்டத்தில் வண்டி நிறுத்துமிடம் நிரம்பிவிட்டால், பிந்தி வருகிறவர்கள் வாசலில் காத்துக் கிடக்க வேண்டியதுதான். இத்தகைய இடங்களைப் பற்றி நமக்கு ஓர் எளிய நம்பிக்கை உண்டு: அரசு நிலத்தை எடுத்து எல்லை போட்டு, உள்ளே ஆலையும் வீட்டுமனையும் வராமல் பார்த்துக்கொண்டால் ஆறு பிழைத்துவிடும் என்பது. இந்தப் பூங்காவின் வரலாற்றுக்கு முன் அந்த நம்பிக்கை நிற்காது. அதன் தலையெழுத்து பெரும்பாலும் எல்லைக்கு வெளியேதான் எழுதப்பட்டது.

1829-ல் குடியேறிய ஜான்ஸ்டன் குடும்பம் மூன்று தலைமுறை இங்கே வாழ்ந்தது. அவர்களுடைய இடுகாடு இன்றும் பூங்காவுக்குள் இருக்கிறது. ஆனால் நிலத்தைப் பொதுச்சொத்தாக்கியவர் செயின்ட் லூயிஸ் நகரத்துச் செல்வந்தர் ஜோசப் டெஸ்லோஜ். 17 ஆண்டுகளாகத் துண்டு துண்டாக வாங்கிச் சேர்த்ததை 1955-ல் மாநிலத்துக்குக் கொடுத்தார். அவர் குடும்பத்தின் செல்வம் அதே மாநிலத்தின் ஈயச் சுரங்கங்களில் விளைந்தது. அந்தச் சுரங்கங்கள் விட்டுச்சென்ற கழிவுக் குன்றுகளில் டெஸ்லோஜ் பெயரைத் தாங்கிய ஒன்று 1977-ல் கனமழையில் சரிந்து பிக் ஆற்றில் விழுந்தது. சுரங்கத்தைக் குடும்பம் 1929-லேயே விற்றுவிட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கொடையின் மதிப்பும் இதனால் குறையாது. ஆனாலும் ஓர் ஆற்றைக் காத்த பணம் இன்னோர் ஆற்றங்கரையில் ஈட்டப்பட்டது.

கொடை கிடைத்துப் பத்தாண்டு ஆகுமுன், 1963-ல், பக்கத்துப் பிராஃபிட் மலையுச்சியில் யூனியன் எலெக்ட்ரிக் கம்பெனியின் நீர்த்தேக்கம் செயல்படத் தொடங்கியது. டாம் சாக் நீரேற்று மின்நிலையம் அது. மின்தேவை குறைந்த இரவில் கீழ்த்தேக்கத்து நீரை மேலே ஏற்றி, தேவை கூடும்போது இறக்கி மின்சாரம் எடுப்பார்கள். ஆனைமலையில் நம் காடம்பாறை நிலையமும் இதே முறைதான். மலையுச்சித் தேக்கத்தில் எந்த ஆறும் வந்து சேர்வதில்லை. மிகைநீர் வழிய ஒரு கலிங்குகூட வைக்கவில்லை. எல்லாம் நீர்மட்டக் கருவிகளை நம்பித்தான். 2005-ல் அந்தக் கருவிகள் பிடிப்பிலிருந்து கழன்று, உள்ளதைவிடக் குறைந்த மட்டத்தைக் காட்டின. செப்டம்பரிலேயே கரைக்கு மேல் நீர் வழிந்தது. நிலையம் ஓடிக்கொண்டேதான் இருந்தது. டிசம்பர் 14 விடியற்காலையில், தேக்கம் நிரம்பிய பிறகும் பம்புகள் நீரேற்றின. வழிந்த நீர் கரையை அரித்து உடைத்தது. அரைமணிக்குள் சுமார் 490 கோடி லிட்டர் வெளியேறியது. நம் அணைக் கணக்கில் அது 0.17 டிஎம்சிதான், சொற்பம். ஆனால் மலையுச்சியிலிருந்து ஒரே மூச்சில் இறங்கிய நீர், சரிவிலிருந்த மரத்தையும் மண்ணையும் பாறைவரை வழித்தெடுத்து, கீழே பூங்காவின் முகாம்திடல் மேல் கொட்டியது. பூங்காக் கண்காணிப்பாளரின் வீடு அடித்துச் செல்லப்பட்டது. குடும்பத்தில் ஐந்து பேரும் உயிர் தப்பினார்கள். குளிர்காலம் என்பதால் முகாம்திடலில் ஆளில்லை. கீழ்த்தேக்கத்தின் அணை தாங்கியதால் அதற்கும் கீழேயுள்ள லெஸ்டர்வில் ஊர் பிழைத்தது.

இது அபூர்வ விபத்து, இதை வைத்துப் பொதுவிதி சொல்லலாமா என்று கேட்கலாம். ஆனால் சத்தமில்லாமல் நடப்பதும் இதே கதைதான். ஓசார்க் சரிவுகளின் வறண்ட பாறைவெளிகளில் கழுத்தில் கறுப்புப் பட்டையுள்ள ஓணான் வாழ்கிறது. அதற்கு வெயில் விழும் திறந்த பாறை வேண்டும். முன்பு மலைமலையாகப் பரவிவந்த காட்டுத்தீ அங்கே மரம் மண்டவிடாமல் வைத்திருந்தது. வட்டாரம் முழுக்கத் தீயை அடக்கியபின் சீடர் மரங்கள் ஏறி நிழல் போட்டுவிட்டன. இப்போது பூங்காப் பணியாளர்களே திட்டமிட்டுத் தீ வைக்கிறார்கள். தொடாமல் விட்டால் போதும் என்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் தெரியவில்லை. இன்னொரு வாதம், அழிவே பூங்காவுக்கு ஆதாயமாக முடிந்தது என்பது. 2007-ல் மின்கம்பெனி மாநிலத்தோடு சுமார் 18 கோடி டாலர் மதிப்பில் உடன்பாடு செய்துகொண்டது. வெள்ளம் உரித்துப்போட்ட பழம்பாறையைக் காட்ட நடைபாதையும் வந்தது. உண்மைதான். ஆனால் அதே உடைப்பு ஜூலையில் நிகழ்ந்திருந்தால் யாரும் ஆதாயக் கணக்கு எழுதியிருக்க மாட்டார்கள். டிசம்பர் என்பது யாருடைய திட்டமும் அல்ல.

அப்படியானால் எல்லை வீணா என்றால், இல்லை. மலையிலிருந்து வந்த நீரை எல்லை நிறுத்தவில்லை. ஆனால் நிலம் மாநிலத்தின் பெயரில் இருந்ததால்தான் நஷ்டஈடு கேட்க அரசுக்கு உரிமை இருந்தது. எல்லைக்கு உண்மையான பலம் அந்தச் சட்ட உரிமையும், அதைத் தாங்கி நிற்கும் மக்களின் பணமும்தான். மிசூரியின் மாநிலப் பூங்காக்களில் நுழைவுக் கட்டணம் கிடையாது. டாலருக்குச் சென்டில் பத்தில் ஒரு பங்கு விற்பனை வரி 1984-ல் வாக்கெடுப்பில் வந்தது. மண், நீர்ப் பாதுகாப்போடு பூங்காக்களும் அதைப் பங்கிட்டுக்கொள்கின்றன. குறித்த ஆண்டுகளுக்கு ஒருமுறை மக்கள் வாக்களித்து அதைப் புதுப்பிக்க வேண்டும். உடைப்பு நடந்து ஓராண்டு முடியுமுன், 2006 நவம்பரில், புதுப்பித்தார்கள். இந்த ஆற்றில் ஒருநாளும் கால் நனைக்காத நகரத்துக்காரரின் மளிகைச் செலவிலும் அதற்கொரு பங்கு உண்டு. மேல்தேக்கத்தை அதே மலையில் கான்கிரீட்டால் கட்டி 2010-ல் மறுபடி இயக்கினார்கள். இம்முறை மிகைநீர் வழிய இடம் விட்டிருக்கிறார்கள். முகாம்திடலைப் பழைய இடத்தில் மறுபடி போடவில்லை.