எஃகும் குளிரும்

உலையிற் சிவந்த எஃகைத் தோய்த்தெடுத்தால் கத்தி கடினமாகும் என்பதை நம்மவர் வழிவழியாய் அறிவர். ஆயினும் கரிச்சத்து மிகுந்த எஃகில் ஒரு பகுதி மாறாது மென்மையாகவே எஞ்சி நிற்கும். ஆங்கில அறிஞர் ராபர்ட்ஸ்-ஆஸ்டின் பெயரால் அதனை ஆஸ்டினைட் என்பர். அதனையும் மாற்ற, நீர் உறையும் நிலைக்குக் கீழான கடுங்குளிர் வேண்டும்.

1883இல் கிராக்கோ நகரில் விரோப்லெவ்ஸ்கி, ஓல்ஷெவ்ஸ்கி என்னும் இருவர் பிராணவாயுவையும் நைட்ரஜனையும் திரவமாக்கினர். நைட்ரஜன் திரவம் கொதிப்பதே சைபருக்குக் கீழ் 196 டிகிரியில். பிற்காலத்தார் தோய்த்த எஃகை அக்குளிருக்கு உட்படுத்தி, எஞ்சியதிற் பெரும்பகுதியையும் கடினமாக்கினர்.

எனினும் உலையில் நேர்ந்த பிழையைக் குளிர் திருத்தாது. குளிரூட்டிய பின் இளஞ்சூட்டில் பதம் இறக்காவிடில் அலகு எளிதில் ஒடியும். புதுமையைக் கற்பீர், தீயின் பதத்தை மறவாதீர் என்று பட்டறை நடத்தும் நம் இளைஞரை வேண்டுகின்றோம்.