தாலாட்டும் டின்பாலும்

நள்ளிரவில் விழித்து அழும் பச்சிளங் குழந்தையைத் துயிலச் செய்வது எங்ஙனம்? இது தாய்மார் கவலை. இதில் வரலாற்றுக்கு என்ன இடம் என்று சிலர் வினவலாம். இவ்வினாவுக்கு ஒவ்வொரு காலத்தாரும் கண்ட விடையை நோக்கினால், அக்காலத்து வாழ்வும் வணிகமும் அதனுள் விளங்கக் காணலாம். அவ்விடைகளுள் இரண்டு நம் பினாங்கு மாநகரோடு தொடர்புடையன.

பழைய விடையை நம் மொழியே காட்டுகிறது. தால் என்பது நாக்கு. நாவை அசைத்து இசைப்பதால் அது தாலாட்டு ஆயிற்று. பெரியாழ்வார் கண்ணனுக்கும், குலசேகராழ்வார் இராமனுக்கும் தாலாட்டுப் பாடினர். பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் மூன்றாவதாகத் தாலப் பருவம் அமைந்தது. தாயின் பால், தாயின் குரல், தூளியின் அசைவு ஆகிய மூன்றுமே தமிழ்க் குழந்தையின் துயிலுக்குத் துணையாயின.

மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களுக்கு வந்த தாயின் நிலை வேறு. வெயில் ஏறினால் மரத்தில் பால் வடிவது குறையும். ஆதலின் அவள் இருள் பிரியுமுன்னே பெரட்டுக்கு நிற்க வேண்டும். குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டு வெட்டுக்குச் செல்ல வேண்டும். பகலில் கிட்டாத தாய்ப்பாலைக் குழந்தை இரவில் தேடுவது இயல்பு. உடல் அயர்ந்த தாய்க்கோ, ‘எனக்குப் பால் பற்றவில்லை போலும்’ என்னும் ஐயம் எழுவதும் இயல்பே.

அந்த ஐயத்துக்கு விடையளிப்பதுபோல் வந்து நின்றது டின்பால். இன்று நெஸ்லே என வழங்கும் நிறுவனம், 1912-ஆம் ஆண்டில் ஆங்கிலோ-சுவிஸ் கட்டிப்பால் நிறுவனம் என்னும் பெயரில் இந்நாட்டு வணிகத்தைத் தொடங்கிய இடம் பினாங்கே. இனிப்பூட்டிய கட்டிப்பாலில் 40 விழுக்காட்டுக்கு மேல் சேர்த்த சர்க்கரை. அது தேநீருக்கு ஏற்றது, சிசுவுக்கு உணவாகாது. மேலும், குழந்தை சுவைக்கச் சுவைக்கவே தாய்க்குப் பால் ஊறும். இரவு அமைதிக்காகப் புட்டியைக் கொடுத்தால் சுவைப்பது குறையும். சுவைப்பது குறைய, பாலும் குறையும். பொய்யாயிருந்த ஐயம் இவ்வாறு மெய்யாகிவிடும்.

இக்கேட்டை அஞ்சாது எடுத்துரைத்தவர் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் என்னும் பெண்மணி. ஆப்பிரிக்காவின் பொற்கரையில் குவாஷியோர்கர் என்னும் ஊட்டக்குறை நோயை உலகுக்கு அறிவித்த அவர், 1936-இல் மலாயாவுக்கு மாற்றப்பட்டார். 1939-இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் ‘பாலும் கொலையும்’ என்னும் பொருள்பற்றி உரையாற்றினார். தாய்ப்பாலை விடச்செய்யும் தவறான விளம்பரத்தால் நேரும் குழந்தைச் சாவைக் கொலையாகவே கருத வேண்டும் என்பது அவ்வுரையின் சாரம். பின்னர் ஜப்பானியர் காலத்தில் அவர் சாங்கிச் சிறையில் அடைபட்டார். அங்கே பிறந்த 20 குழந்தைகளும் தாய்ப்பால் உண்டு உயிர் பிழைத்தன என்று அவரே பின்னாளில் எடுத்துக்காட்டினார்.

இன்றைய அறிவியலும் பழைய தாய்மாருக்கே சான்று பகர்கிறது. சிசுவின் வயிறு சிறிது. தாய்ப்பாலோ விரைவில் செரிப்பது. ஆகவே இரவில் விழிப்பது குற்றமன்று. பால் சுரக்கச் செய்யும் புரோலாக்டின் இரவிலேதான் மிகுகிறது. துயிலுக்குரிய மெலடோனின் இரவுப் பாலில் உண்டு. பகற்பாலில் மிகக் குறைவு. பிறந்து இரண்டு மூன்று மாதம் செல்லும்வரை இரவு பகல் அறியும் உடலொழுங்கு குழந்தைக்கு நன்கு அமைவதில்லை. அதுவரை மங்கிய விளக்கும், தாழ்ந்த குரலும், கேட்டபோது பாலும் போதும். துயின்ற குழந்தையைச் சமமான, உறுதியான படுக்கையில் மல்லாக்கக் கிடத்துதல் வேண்டும் என்பது மட்டும் மருத்துவர் புதிதாகச் சேர்த்த விதி.

1981-இல் உலகச் சுகாதாரப் பேரவை, தாய்ப்பாலுக்கு மாற்றாக விற்கும் பொருள்களின் விளம்பரத்துக்கு வரம்பு கட்டியது. 1991-இல் தோன்றிய உலகத் தாய்ப்பாலூட்டல் கூட்டணி தன் செயலகத்தைப் பினாங்கிலேயே அமைத்தது. அதனைத் தோற்றுவித்தோருள் ஒருவர் நம் நாட்டு அன்வார் ஃபசால். ஆகஸ்டு முதல் வாரத்தை உலகத் தாய்ப்பால் வாரமாகக் கொண்டாடும் வழக்கமும் 1992-இல் இக்கூட்டணியால் எழுந்ததே. டின்பால் வணிகம் கால்கொண்ட ஊரே தாய்ப்பாலுக்கும் குரல் கொடுத்தது.

டின்பால் கொடுத்த தாயைப் பழிப்பது நம் கருத்தன்று. அவளைக் குழந்தையினின்றும் பிரித்தது விடியற்காலைப் பெரட்டு. இன்று பெரட்டுக்கு மாறாகத் தொழிற்சாலை மணி ஒலிக்கிறது. மலேசியாவில் பேறுகால விடுப்பு 2023 முதல் 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது, மகிழத்தக்கதே. ஆயினும் முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே ஊட்டுக என்பது மருத்துவர் அறிவுரை. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள மூன்று மாதத்தில் அவளுக்குத் துணை யார்?

வகுப்பில் தாலப் பருவம் கற்பிக்கும் ஆசிரியர் இவ்வினாவையும் மாணவர் முன் வைப்பாராக. தாய்க்கு ஓய்வு கிட்டும் வீட்டில்தான் தாலாட்டு நிலைக்கும்.