கணிப்பில் அகப்படாத வாக்குகள்

வாக்குகளை எண்ணி முடிக்கும்முன் முடிவை அறிந்துவிட வேண்டும் என்னும் ஆவலை ஒரு தொழிலாகவே வளர்த்த நாடு அமெரிக்கா. அத்தொழில் ஒரு தேர்தலில் தடுமாறியபோது பழி வாக்காளரின் நாவின்மேல் விழுந்தது. அப்பழி முற்றும் பொருந்துமா என்பதே இங்கு நம் ஆராய்ச்சி.

1982ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் நாள் கலிபோர்னிய மாநிலத்தில் ஆளுநர் தேர்தல் நடைபெற்றது. ஜனநாயகக் கட்சியின் வேட்பாளர் டாம் பிராட்லி, டெக்சஸ் மாநிலத்துக் குத்தகை உழவர் ஒருவரின் மகன். அடிமைகளாய் வாழ்ந்தோரின் பேரன். லாஸ் ஏஞ்சல்ஸ் காவல்துறையில் இருபதாண்டுக்கு மேல் பணியாற்றி, பின்னர் நகரமன்றம் புகுந்து, 1973இல் அம்மாநகரின் மேயரானவர். கறுப்பினத்தவர் எவரும் எந்த மாநிலத்திலும் அதுவரை ஆளுநராகத் தேர்ந்தெடுக்கப்பட்டதில்லை. அவரை எதிர்த்தவர் குடியரசுக் கட்சியின் ஜார்ஜ் டியூக்மேஜியன். ஆர்மீனியக் குடியேறிகளின் மைந்தர்.

கருத்துக் கணிப்புகள் பிராட்லியே முந்துவதாகக் கூறின. அக்டோபரில் டியூக்மேஜியனின் பிரசாரப் பொறுப்பாளர் பில் ராபர்ட்ஸ், கணிப்பில் தெரியாத நிற வேற்றுமை வாக்கு ஐந்து விழுக்காடு தம் வேட்பாளருக்கு உண்டு என்று செய்தியாளரிடம் சொல்லிவிட்டுப் பதவி துறக்க நேர்ந்தது. அரசியலில் உண்மை வாய் தவறித்தான் வெளிவரும் போலும்! தேர்தல் இரவில், வாக்களித்து வெளியே வந்தோரை வினவிய மெர்வின் ஃபீல்ட், பிராட்லியே வென்றார் என அறிவித்தார். எண்ணி முடித்தபோதோ, 78 இலட்சத்துக்கு மேற்பட்ட வாக்குகளில் ஏறத்தாழ 93,000 வேறுபாட்டில் பிராட்லி தோற்றிருந்தார்.

வெள்ளையர் பலர் வெட்கத்தால் கணிப்பாளரிடம் பொய்யுரைத்தனர் என்ற விளக்கம் உடனே எழுந்தது. ‘பிராட்லி விளைவு’ என்று அதற்குப் பெயரும் சூட்டினர்.

ஆயின் அத்தேர்தலின் நடைமுறையைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். 1978 முதல் கலிபோர்னியாவில் எவரும் காரணம் கூறாமலே அஞ்சல்வழி வாக்களிக்கலாம். குடியரசுக் கட்சியினர் அதற்கான விண்ணப்பப் படிவங்களைத் தம் ஆதரவாளரின் இல்லங்களுக்கே அனுப்பி வைத்தனர். வாக்குச் சாவடியின் வாயிலில் நின்று வினவுவோரை, வாக்கைத் தபாலில் சேர்த்துவிட்டவர் கடந்து செல்வதில்லை அல்லவா? சாவடிகளில் நேரில் பதிவான வாக்குகளில் பிராட்லியே முந்தியிருந்தார்; அஞ்சல் வாக்குகளே அவரை வீழ்த்தின. ஆக, ஃபீல்டின் ஆட்கள் செவிமடுத்தது பொய்யன்று. அவர்கள் நின்ற இடம்தான் போதவில்லை. மேலும், கைத்துப்பாக்கிகளைப் பதிவு செய்ய வேண்டும் என்னும் 15ஆம் எண் முன்மொழிவு அன்றே வாக்கெடுப்புக்கு வந்தது. அதனை வீழ்த்தத் திரண்ட நாட்டுப்புற வாக்காளர் பெரும்பாலும் டியூக்மேஜியன் பக்கமே சாய்ந்தனர்.

இதனால் நிற வேற்றுமை இல்லையென்று சாதிப்பது என் கருத்தன்று. 1969 மேயர் தேர்தலின் முதற் சுற்றில் முந்திய பிராட்லியை, இறுதிச் சுற்றில் சாம் யார்ட்டி அச்சமூட்டும் பிரசாரத்தால் தோற்கடித்ததை மறத்தற்கியலாது. 1989இல் வெர்ஜினியாவில் டக்ளஸ் வைல்டர், வாயில் கணிப்பில் பத்து விழுக்காடு அளவு முந்தியிருந்தும், 7,000க்கும் குறைந்த வாக்குகளிலேயே வென்று, தேர்தலில் வென்ற முதற் கறுப்பின ஆளுநரானார். அங்கோ அப்போது தக்க காரணமின்றி அஞ்சல் வாக்கு அளிக்க இயலாதிருந்தது. எனவே கலிபோர்னிய விளக்கம் அங்குச் செல்லாது; நாவின் மேலுள்ள ஐயம் அங்கு நிற்கத்தான் செய்கிறது. 1989 முதல் 2006 வரை நடந்த செனட், ஆளுநர் தேர்தல்களை ஆராய்ந்த டேனியல் ஹாப்கின்ஸ், இவ்வேறுபாடு 1990களின் நடுப்பகுதிக்குப் பின் மறைந்துவிட்டது எனக் கண்டார்.

பிராட்லி 1986இல் மீண்டும் டியூக்மேஜியனை எதிர்த்துப் பெருந்தோல்வி கண்டார். அம்முறை கணிப்பாளர்க்கு வியப்பேதும் நேரவில்லை. 1993 வரை மேயராய் இருந்து, 1998இல் மறைந்தார். இன்று கலிபோர்னியாவில் பதிவு பெற்ற வாக்காளர் அனைவருக்கும் வாக்குச்சீட்டு அஞ்சலிலேயே செல்கிறது. கணிப்பாளரும் சாவடி வாயிலோடு நில்லாது, வீட்டிலிருப்போரைத் தொலைபேசியில் அழைத்து வினவுகின்றனர்.