பார்க்காமல் போட்ட மதிப்பெண்கள்

நான்காம் படிவத்தில் பயன்படுத்திய ஒரு பயிற்சிப் புத்தகம் இன்னும் என்னிடம் இருக்கிறது. அதன் கடைசிப் பக்கங்களில் 'டாக்டர் ஹூ' தொடரின் பழைய கதைகள் இருபதை எழுதி, ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இவ்வளவு என்று மதிப்பெண் போட்டிருக்கிறேன். 'த டூம் ஆஃப் த சைபர்மென்', அதாவது சைபர்மேன்களின் கல்லறை, ஒன்பதரை. 'த எனிமி ஆஃப் த வேர்ல்ட்', உலகின் எதிரி, மூன்று. பக்கத்தில் 'சுத்த போர்' என்று ஒரு குறிப்பு வேறு. வருடம் 2013. இதில் வெட்கப்பட வேண்டிய விஷயம் என்னவென்றால், அந்த இருபதில் பதினொன்றை நான் பார்த்ததே கிடையாது. அவற்றில் பலவற்றை அப்போது உலகத்தில் யாராலும் முழுசாகப் பார்த்திருக்க முடியாது.

தொடர் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். 1963 நவம்பர் 23-ஆம் தேதி, கென்னடி சுடப்பட்டதற்கு மறுநாள், பிபிசியில் 'டாக்டர் ஹூ' தொடங்கியது. நீல நிற போலீஸ் பெட்டி ஒன்றில் காலத்தையும் வெளியையும் கடந்து அலையும் ஒரு வேற்றுக்கிரக ஆசாமியின் கதை. முதலில் வில்லியம் ஹார்ட்னெல் நடித்தார். அவர் உடம்பு முடியாமல் விலகியபோது, டாக்டருக்கு உருவம் மாறும் என்று ஒரு வழி கண்டுபிடித்து பேட்ரிக் ட்ராட்டனைக் கொண்டுவந்தார்கள். 1969 வரை இந்த இரண்டு பேரும் நடித்தவை 253 கறுப்பு வெள்ளைப் பாகங்கள். நாலைந்து பாகங்கள் சேர்ந்தால் ஒரு கதை. இந்த 253-இல் தொண்ணூறுக்கும் மேற்பட்டவற்றுக்கு இன்று படம் இல்லை. போர் இல்லை, வெள்ளம் இல்லை, தீ விபத்தும் இல்லை. பிபிசியே அழித்தது.

முட்டாள்கள் என்று திட்டிவிட்டுப் போவது சுலபம். நானும் திட்டியிருக்கிறேன். ஆனால் நடந்ததை வரிசையாகப் பார்த்தால் அங்கே முட்டாள் என்று ஒருவரும் தட்டுப்படவில்லை. அதுதான் எரிச்சல்.

அந்தக் காலத்தில் நிகழ்ச்சிகள் இரண்டு அங்குல அகலமுள்ள காந்த நாடாவில் பதிவாயின. நாடா விலை அதிகம். அழித்துத் திரும்பவும் பயன்படுத்தலாம். நடிகர் சங்கத்தோடு இருந்த ஒப்பந்தப்படி ஒரு நிகழ்ச்சியை இஷ்டத்துக்கு மறுஒளிபரப்பு செய்ய முடியாது. வீட்டில் காணொளி பார்க்கும் வசதி என்ற ஒன்றே கிடையாது. எழுபதுகளில் வண்ணம் பரவிய பிறகு கறுப்பு வெள்ளையை யார் வாங்குவார்கள்? ஆகவே 1967-இலிருந்தே பொறியியல் பிரிவு நாடாக்களை அழிக்க ஆரம்பித்தது. அழிக்கும்போது அவர்களுக்கு ஒரு நிம்மதி இருந்தது: வெளிநாட்டு விற்பனைக்காகத் திரைக்கு முன்னால் படக்கருவியை வைத்து 16 மில்லிமீட்டர் பிலிமில் பிரதி எடுத்து வைத்திருந்தார்களே, அது இருக்கிறதல்லவா? அந்தப் பிரதிகளை வைத்திருந்த விற்பனைப் பிரிவோ, உரிமைக் காலம் முடிந்ததும் பிலிம்களை அழித்தது. மூலம் எங்கேயோ இருக்கும், பாதுகாப்பது நம் வேலை இல்லை என்று அவர்களுக்கு நிம்மதி. பிபிசியின் பிலிம் நூலகம், பிலிமில் எடுக்கப்பட்டவைதான் தன் பொறுப்பு, நாடாவில் எடுத்த நாடகங்கள் இல்லை என்று நினைத்தது. மூன்று மேசைகள். மூன்றிலும் இன்னொரு மேசையை நம்பிக்கொண்டிருந்த ஆட்கள்.

இதை என்னால் நன்றாகவே கற்பனை செய்ய முடியும். நான் வேலை செய்வது ஒரு தொழிற்சாலையின் தரவுச் சேமிப்புப் பிரிவில். வருடத்துக்கு ஒரு முறை பழைய சோதனைப் பதிவுகளை அழிக்கும் படிவம் என் மேசைக்கு வரும். 'பயன்' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று டிக் போட்டுக் கையெழுத்திட வேண்டும். போட்ட வருடம் ஒன்றில், நாலு மாதம் கழித்து ஒரு வாடிக்கையாளரிடமிருந்து பழுதான சர்க்யூட் போர்டு திரும்பி வந்தது. அது எந்த நாளில், என்ன சோதனையில் தேறியது என்று பார்க்கப் போனால் பதிவு இல்லை. எங்கள் பிரிவு, தரக்கட்டுப்பாட்டில் இன்னொரு பிரதி இருக்கும் என்று நினைத்திருந்தது. அவர்களும் எங்களைப் பற்றி அப்படியே. கூட்டத்தில் யாரும் யாரையும் திட்டவில்லை. எல்லாரும் விதிமுறைப்படிதான் செய்திருந்தோம்.

பிபிசியில் அழிப்பு நின்றது 1978-இல். இயன் லெவின் என்ற ரசிகர் உள்ளே போய்ப் பார்த்தபோது, டாலெக்குகள் முதன்முதலில் வந்த கதையின் சுருள்கள் அழிப்பதற்காகக் கட்டி வைக்கப்பட்டிருந்தன. அதே சமயத்தில் சூ மால்டன் என்ற பெண்மணி ஆவணக் காப்புப் பொறுப்புக்கு வந்தார். எது இருக்கிறது, எது இல்லை என்ற கணக்கே அதற்குப் பிறகுதான் ஒழுங்காக எடுக்கப்பட்டது.

இனிமேல்தான் எனக்குப் பிடித்த பகுதி. படம் போய்விட்டது, ஆனால் ஒலி மொத்தமும் இருக்கிறது. காணாமல் போன ஒவ்வொரு பாகத்தின் ஒலியும்! அறுபதுகளில் பள்ளிப் பையன்கள் தொலைக்காட்சிக்கு முன்னால் டேப் ரெக்கார்டரை வைத்து, "அம்மா, சத்தம் போடாதே" என்று கெஞ்சிப் பதிவு செய்தவை அவை. படங்களுக்கு ஜான் குரா என்ற ஒரு மனிதர். தொலைக்காட்சித் திரையை நிழற்படம் எடுத்து, தயாரிப்பாளர்களிடமும் நடிகர்களிடமும் விற்பது அவர் தொழில். அதனால் பல பாகங்களுக்கு வரிசையாக நிழற்படங்கள் உண்டு.

அசையும் துண்டுகளும் சில கிடைத்தன. எப்படித் தெரியுமா? ஆஸ்திரேலியத் தணிக்கையாளர்கள் குழந்தைகளுக்கு ஆகாது என்று வெட்டியெடுத்த காட்சிகளைக் கோப்பில் போட்டு வைத்திருந்தார்கள். 1996-இல் அந்தக் கோப்புகள் ஆஸ்திரேலிய தேசிய ஆவணக் காப்பகத்தில் அகப்பட்டன. ஒழுக்கமான காட்சிகள் எல்லாம் எரிந்து போயின. கழுத்தை நெரிப்பதும் அலறுவதும் மட்டும் அரசாங்கப் பாதுகாப்பில் பத்திரம். கத்தரிக்கோல் ஒரு ஆவணக் காப்பாளராக மாறிய வேறு சம்பவம் எனக்குத் தெரியவில்லை.

ஆக, எண்பதுகளில் இந்தத் தொடரின் ரசிகர்களிடம் இருந்தவை ஒலி, நிழற்படம், நாவல் வடிவங்கள், பிறகு மூத்தவர்களின் ஞாபகம். இவற்றை வைத்துத்தான் வழிகாட்டி நூல்களும் ரசிகர் இதழ்களும் எது சிறந்த கதை, எது மட்டம் என்று தீர்ப்பு எழுதின. அந்தத் தீர்ப்புகளைப் படித்துத்தான் எனக்கு முந்தைய தலைமுறையும், பிறகு நானும், மதிப்பெண் போட்டோம்.

ஞாபகம் எவ்வளவு தூரம் நம்பத்தக்கது என்பதற்கு என் வீட்டிலேயே ஆள் இருக்கிறார். ஜொகூர் பாருவில் இருக்கும் பெரியப்பாவுக்குச் சிறு வயதில் சிங்கப்பூர் ஒளிபரப்பு நன்றாகக் கிடைக்குமாம். 'டாக்டர் ஹூ'வை வாங்கி ஒளிபரப்பிய நாடுகளில் சிங்கப்பூரும் ஒன்று. ஆவலோடு கேட்டேன்.

"ஏன் தெரியாது? மிளகுத்தூள் டப்பா மாதிரி ஒரு மிஷின், கீச்சுக் குரல்ல கத்தும். செவப்பு ஒண்ணு, நீலம் ஒண்ணு. நான் பார்த்திருக்கேன்டா."

"கலர்லயா பெரியப்பா?"

"கலர்தான். நல்லா ஞாபகம் இருக்கு."

சிங்கப்பூரில் வண்ண ஒளிபரப்பு வந்தது 1974-இல். அவர் சொல்வது அறுபதுகளின் கடைசி. 1965-இல் பீட்டர் குஷிங் நடித்து வண்ணத்தில் ஒரு டாலெக் திரைப்படம் வந்தது. அதைத் தியேட்டரில் பார்த்திருக்கலாம். அல்லது கறுப்பு வெள்ளையை ஐம்பது வருடம் மனசிலேயே வைத்துச் சாயம் ஏற்றியிருக்கலாம். நான் வாதாடவில்லை. டீ ஆறிக்கொண்டிருந்தது.

சரி, கல்லறைக்கு வருவோம். 1967 செப்டம்பரில் ஒளிபரப்பான நான்கு பாகக் கதை. கிரகம் ஒன்றில் சைபர்மேன்கள் என்ற இயந்திர மனிதர்களின் கல்லறையைத் தோண்டப் போகிறது ஒரு குழு. முழுசும் தொலைந்துபோன கதை. சிறுவயதில் பார்த்தவர்கள் எல்லாரும் இதற்கு ஈடே இல்லை என்றார்கள். 1991 கடைசியில் நான்கு பாகங்களும் ஹாங்காங்கில் கிடைத்தன. மறு வருடமே காணொளி நாடாவாக வெளிவந்தது. இவ்வளவு வருடம் தெய்வமாகக் கும்பிட்டது கருவறையிலிருந்து இறங்கி நேரில் வந்து நின்றபோது ரசிகர்களில் ஒரு சாரார் முகம் சுருங்கியது. ஆள் தூக்கி வீசப்படும் இடத்தில் கம்பி தெரிகிறது. சண்டைக் காட்சியில் வெற்றுப் பொம்மை தெரிகிறது.

எனக்குக் கம்பி பிரச்சினை இல்லை. பனிக்குள்ளிருந்து சைபர்மேன்கள் பிளாஸ்டிக் உறையைக் கிழித்து எழும் காட்சி இன்றைக்கும் முதுகுத்தண்டில் ஏறுகிறது. தந்தையை இழந்த விக்டோரியாவிடம் டாக்டர் தன் குடும்பத்தை நினைத்துப் பேசும் இரண்டு நிமிடம், அந்தப் பத்து வருடத்தில் இந்தத் தொடர் எடுத்த மிகச் சிறந்த காட்சிகளில் ஒன்று. என்னைத் தொந்தரவு செய்தது டோபர்மேன். கறுப்பினத்தைச் சேர்ந்த பலசாலி வேலைக்காரன். எஜமானி சொன்னதைச் செய்வான், மூட்டை தூக்குவான், கதவை இழுப்பான். கிட்டத்தட்ட வாயே திறக்க மாட்டான். கடைசியில் எல்லாரையும் காப்பாற்றிச் செத்துப்போவான். தோட்டத்துக் கதைகளில் இந்த மாதிரி ஊமை விசுவாசிகளை நிறையப் பார்த்தவன் நான். படத்தில் அவனைக் கண்டதும் உறுத்தியது. இத்தனை வருடப் புகழ்ச்சியில் இவனைப் பற்றி ஏன் என் கண்ணில் ஒரு வரிகூடப் படவில்லை என்று யோசித்தேன். ஒரு காரணம் ரொம்ப எளிமையானது: ஒலிப்பதிவில் பேசாத ஆள் இருப்பதில்லை. இன்னொரு காரணம் அவ்வளவு எளிமையானது இல்லை. பத்து வயதில் பார்த்தவர்களுக்கு அவன் கண்ணில் பட்டிருக்கவே மாட்டான்.

உலகின் எதிரிக்கு நேர்ந்தது இதற்கு நேர் தலைகீழ். 1967 டிசம்பரில் தொடங்கி அடுத்த ஜனவரியில் முடிந்த ஆறு பாகங்கள். அந்த வருடத்துக் கதைகள் முழுக்க அரக்கர்கள். இதில் மட்டும் ஒருவரும் இல்லை. 2018-ஆம் ஆண்டு உலகத்தையே வளைத்துப் போடத் துடிக்கும் சாலமாண்டர் என்பவன் அச்சு அசல் டாக்டர் மாதிரியே இருக்கிறான். இரண்டு வேடமும் ட்ராட்டன்தான். ஆறில் மூன்றாம் பாகம் மட்டுமே தப்பியிருந்தது. அதில் பாதி நேரம் சமையலறையும் நடைக்கூடமும்தான். கிரிஃபின் என்ற சமையல்காரர் உலகத்தின் மேல் உள்ள வெறுப்பையெல்லாம் சாப்பாட்டுப் பட்டியலில் கொட்டிக்கொண்டிருப்பார். இதை வைத்துத்தான் கதை முழுக்க மந்தம் என்று முடிவு கட்டினார்கள். ஆறில் ஒன்றைப் பார்த்துவிட்டு!

2013 அக்டோபரில் செய்தி வந்தது. பிலிப் மோரிஸ் என்பவர் நைஜீரியாவில் ஜோஸ் நகரத்து ஒளிபரப்பு நிலையம் ஒன்றின் அறையில் சுருள்களைக் கண்டுபிடித்திருந்தார். உலகின் எதிரி ஆறு பாகங்களும் முழுமை. அன்றைய வழக்கப்படி வாங்கிய நாடுகள் ஒளிபரப்பிய பிறகு சுருளைத் திருப்பி அனுப்ப வேண்டும், எரிக்க வேண்டும், அல்லது அடுத்த நாட்டுக்குத் தள்ளிவிட வேண்டும். யாரோ ஒருவர் இந்த மூன்றையும் செய்யாமல் விட்டிருக்கிறார். அந்தச் சோம்பேறிக்கு என் நன்றி.

பள்ளி விடுமுறையில் பார்த்தேன். முதல் பாகமே கடற்கரையில் ஹோவர்கிராப்ட் துரத்தல், ஹெலிகாப்டர் என்று பறக்கிறது. எங்கேயும் மந்தம் இல்லை. டாக்டர் சாலமாண்டராக நடிக்கும்போது ட்ராட்டனின் முகத்தில் ஒரு நொடியில் விழும் நிழலை ஒலி எப்படிச் சொல்லும்? அந்தச் சமையல்காரர்கூட முன்னும் பின்னும் வேகம் இருக்கும் இடத்தில் வரும்போது பிரமாதமான ஆறுதல். என்னைப் போலப் பலரும் மனசு மாறியிருக்கிறார்கள்; ரசிகர் வாக்கெடுப்புகளில் பின்வரிசையில் கிடந்த கதை பல படிகள் மேலே வந்தது.

நான்காம் பாகத்தில் ஒரு திருப்பம். பூமிக்கு அடியில் ஒரு கூட்டம் வாழ்கிறது. மேலே அணுப்போர் நடக்கிறது, காற்று முழுக்க விஷம் என்று சாலமாண்டர் அவர்களிடம் சொல்லி வைத்திருக்கிறான். வெளியே போய்த் திரும்புவது அவன் ஒருவன்தான். அதனால் அவன் சொல்வதுதான் உலகம். அதை நம்பி அவர்கள் நிலநடுக்கங்களை உண்டாக்கி மேலே அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு நாள் உணவுப் பெட்டியில் ஒட்டிய செய்தித்தாள் துண்டு ஒருவர் கையில் கிடைக்கிறது. உல்லாசக் கப்பல் ஒன்று மூழ்கிய செய்தி. போர் நடக்கும் உலகத்தில் உல்லாசக் கப்பல் எப்படி? அவ்வளவுதான், எல்லாம் சரிகிறது. பயிற்சிப் புத்தகத்தை எடுத்து மூன்றை அடித்துவிட்டு ஒன்பது என்று எழுதினேன். அடித்தது இன்னும் தெரிகிறது.

அதே நைஜீரிய அறையில் 'த வெப் ஆஃப் ஃபியர்', பயத்தின் வலை கதையும் கிடைத்தது. லண்டன் சுரங்க ரயில் பாதைகளில் நடக்கும் ஆறு பாகங்கள். முதல் பாகம் ஏற்கெனவே இருந்தது. இரண்டு, நான்கு, ஐந்து, ஆறு கிடைத்தன. மூன்றாவது மட்டும் இல்லை. பின்னாளில் பல வருடங்கள் தொடரோடு பயணித்த லெத்பிரிட்ஜ்-ஸ்டூவர்ட் என்ற ராணுவ அதிகாரியை டாக்டர் முதன்முதலில் சந்திப்பது அந்த மூன்றாம் பாகத்தில்தான்.

2021-இல் அதை அனிமேஷனாக வெளியிட்டார்கள். பார்த்தேன். பழைய ஒலிக்கு மேலே புதிதாக வரைந்த பொம்மைகள் அசைகின்றன. எனக்கு ஒட்டவில்லை. நிறுத்திவிட்டு, ஒலியை மட்டும் ஓடவிட்டு, நிழற்படங்களை ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டு இருபத்தைந்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன். அந்த அதிகாரி முதலில் பேசும்போது நிகோலஸ் கோர்ட்னியின் குரல் மட்டும் வருகிறது. முகத்தில் சந்தேகமா, நக்கலா, இரண்டுமா, தெரியவில்லை. பயிற்சிப் புத்தகத்தில் பயத்தின் வலைக்கு எட்டு என்று எப்போதோ எழுதியிருந்தேன். இப்போது அழிப்பானால் அதை அழித்துவிட்டுக் கட்டத்தை அப்படியே விட்டிருக்கிறேன்.